ஐஸ் கம்பெனியில் ஒரு சாவு: மேலாளர் உள்ளே போவது எந்தச் சட்டத்தில், முதலாளி வெளியே நிற்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஆலைச் சாவு நடந்தால் செய்தி வரும் வரிசை அனேகமாக மாறுவதில்லை. முதல் நாள், தொழிலாளி பலி. மறுநாள், உடலை வாங்க மறுத்து உறவினர்கள் மறியல். அடுத்த நாள், கோட்டாட்சியர் பேச்சுவார்த்தை, மேலாளர் கைது, உடல் ஒப்படைப்பு. அதோடு செய்தி நின்றுவிடும். கைதானவர் உடனே ஜாமீனில் வந்தது ஏன்? முதலாளியின் பெயர் எஃப்ஐஆரில் இல்லாதது ஏன்? பணம் வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்ததாக ஆகுமா? இந்தக் கேள்விகள் டீக்கடையில் ஓடிக்கொண்டே இருக்கும். பதில் மட்டும் யார் வாயிலும் வராது.

பாம்பன், மண்டபம் தொடங்கி தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் என இந்தக் கரை முழுக்க மீன்தொழிலை ஒட்டிய வேலைகள்தான்: ஐஸ் கம்பெனி, நண்டுக் கம்பெனி, இறால் பதப்படுத்தும் இடம், மீன்தூள் ஆலை. வாலிநோக்கம் பக்கம் உப்பளம். இந்தக் கட்டுரை ஐஸ் கம்பெனியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது. சிறிய இடம், கொஞ்சம் ஆட்கள், ஆனால் உள்ளே ஓடுவது அமோனியா. சட்டத்தின் சிக்கல்கள் அத்தனையும் அங்கே ஒன்றாகத் தெரியும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

அமோனியா மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்தத்தில் திரவமாக இருப்பது, அழுத்தம் போனதும் சீறிக்கொண்டு வாயுவாகும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. ஈரத்தைத் தேடிப் பற்றும் வாயு அது. கண், தொண்டை, நுரையீரல் மூன்றும் ஈரமான இடங்கள்.

கம்ப்ரசரில் ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்க் கலங்களின் அடியில் தங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். ஆபரேட்டர் வாளியை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து வால்வைத் திறப்பார். முதலில் எண்ணெய் கெட்டியாக, மெதுவாக வரும். சில நேரம் அடைத்துக்கொண்டு வரவே வராது. இன்னும் கொஞ்சம் திறப்பார். அடைப்பு விலகிய நொடியில் எண்ணெய்க்குப் பின்னால் திரவ அமோனியா பாய்ந்து வரும். கண் தெரியாது, மூச்சு நிற்கும், வால்வை மூடக் கை நீட்ட முடியாது. இதற்கு மாற்று புதிதல்ல: கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு. ஆள் ஓடினாலும் விழுந்தாலும் கசிவு நின்றுவிடும். எண்ணெய் வடிக்கும் இடத்தில் அந்த வால்வு இருக்கிறதா, வெறும் சாதாரண வால்வு இருக்கிறதா என்பது பிறகு நீதிமன்றத்தில் ஒரு மனிதனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக்கூடிய விஷயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நின்று கிடந்த இயந்திரம், இறுகிப்போன வால்வு, துருப்பிடித்த குழாய் எல்லாம் ஜூன் நடுவில் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கும். அத்தனை விசைப்படகுக்கும் ஒரே வாரத்தில் ஐஸ் வேண்டும். ஆபத்து எப்போது வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "எதிர்பாராத விபத்து" என்ற வார்த்தையை இங்கே அவ்வளவு எளிதில் ஏற்க முடியாததற்கு அது ஒரு காரணம்.

ஒரு சாவு, இரண்டு வழக்கு

மக்கள் ஒரே வழக்காக நினைப்பது உண்மையில் இரண்டு தனித்தனிப் பாதைகள்.

1. காவல் நிலையப் பாதை. பெரும்பாலும் முதலில் சந்தேக மரணம் என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 194ஆவது பிரிவில் பதிவாகும் (பழைய சிஆர்பிசி 174). விசாரணையில் யாருடைய கவனக்குறைவாவது தெரிந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவுக்கு மாற்றுவார்கள். மாற்றாமலே கிடக்கும் கோப்புகளும் உண்டு.

2. தொழிற்சாலை ஆய்வாளர் பாதை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இதற்குப் பொறுப்பு. அதன் அதிகாரி இடத்தைப் பார்த்து, தொழிற்சாலைச் சட்ட மீறல்களுக்காக நீதித்துறை நடுவர் முன் தானே புகார் தாக்கல் செய்வார்.

இரண்டுக்கும் கேள்வி வேறு. காவல்துறை, "இந்த ஆளின் அசட்டையால் இந்த உயிர் போனதா?" என்று கேட்கிறது. ஆய்வாளர், "சட்டம் போடச் சொன்ன பாதுகாப்பு இருந்ததா, இல்லையா?" என்று பார்க்கிறார். முதல் கேள்வியை நிரூபிப்பது கடினம், தண்டனை கனமானது. இரண்டாவதை நிரூபிப்பது எளிது. இழப்பீடு இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது விஷயம். அது யார் குற்றவாளி என்ற தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

106ஆ, 105ஆ: அன்று இரவே தெரியும் வித்தியாசம்

2024 ஜூலை 1க்கு முன்பு கவனக்குறைவால் மரணம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. அதிகபட்சம் 2 ஆண்டு, அல்லது வெறும் அபராதம். இப்போது 106(1) வந்து 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய பிரிவில் 3 ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்தின் கணக்கில் ஏறியாக வேண்டும். 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு அப்படிக் காலவரம்பு கிடையாது என்பதால், 106க்கு அந்தத் தடை இல்லை.

ஆனால் 106(1) ஜாமீனில் விடத்தக்க குற்றம். "கைது" என்று தலைப்பு வந்த மேலாளர் சொந்த ஜாமீனில் வீடு திரும்புவது அதனால்தான். போலீஸ் விலைபோனது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

105 வேறு ரகம். கொலை ஆகாத மரணம் விளைவித்தல். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். ஜாமீனில் விடத்தக்கதல்ல, செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும், 10 ஆண்டு வரை போகும். மறியலில் உட்காரும் உறவினர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நீதிமன்றத்தில் இது எவ்வளவு கடினம் என்பதற்குப் போபால் விஷவாயு வழக்கே சாட்சி. அத்தனை ஆயிரம் பேர் செத்த வழக்கில், 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆலையை நடத்தினாலே சாவு வரும் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லையென்று சொல்லி, பெரிய பிரிவை 304ஏ ஆகக் குறைத்தது. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் கொடுத்தது, அந்தப் பிரிவில் கொடுக்க முடிந்த உச்சபட்சமான 2 ஆண்டு. அந்தக் காயத்தை நினைவில் வைத்துப் பார்த்தால், 5 ஆண்டு என்ற இன்றைய எண் தாமதமாக வந்த சிறிய திருத்தம்தான்.

ஆலைச் சட்டம் யாரைத் தேடுகிறது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரண்டு பேரைப் பெயர் சொல்லிப் பிடித்தது. ஒருவர் மேலாளர். இன்னொருவர் 'ஆக்குபையர்', அதாவது ஆலையின் விவகாரங்களில் இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவர். மீறல் நடந்தால் இருவருமே குற்றவாளிகள்.

போபாலுக்குப் பிறகு 1987இல் ஒரு திருத்தம் வந்தது: கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவர், கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர்களில் ஒருவர் ஆக்குபையராகக் கொள்ளப்படுவார். சம்பளத்துக்கு இருக்கும் ஒரு அதிகாரியைக் காட்டிவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கப் பார்த்தார்கள்; ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பலருக்குத் தெரியாத இரண்டு சிறு விதிகளும் அதில் உண்டு. மேலாளர் என்று யாரையும் நியமிக்காமல் ஆலை ஓடினால், மேலாளர் வேலையைப் பார்ப்பவர், அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஆக்குபையரே மேலாளராகக் கருதப்படுவார். காண்ட்ராக்டர் வழியாக வந்தவரும் 'தொழிலாளி'தான், முதலாளிக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். "அவன் எங்க ஆள் இல்லை, காண்ட்ராக்ட்ல வந்த வடநாட்டுப் பையன்" என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்த மீறலுக்குப் பழைய சட்டம்தான். பின் நடந்ததற்குப் புதியது:

1. கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் சாவுக்குக் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய்.
2. பலத்த காயம் என்றால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.
3. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

மூன்றாவது நல்ல மாற்றம். ஆனால் "அல்லது" என்ற சொல் இருக்கும்வரை பணம் உள்ளவர் சிறையைத் தாண்டிப் போக வழி இருக்கிறது.

வால்வைத் திறந்தது யார், கதவை அடைத்தது யார்

எல்லா விபத்துக்கும் கம்பெனி சொல்லும் முதல் வார்த்தை, "ஆபரேட்டர் கவனக்குறைவு". அதற்குப் பின்னால் ஒரு பழைய தீர்ப்பு பலமாக நிற்கிறது.

பம்பாயில் ஒரு பெயின்ட் ஆலை. குளிர்முறையில் மட்டும் பெயின்ட் தயாரிக்கத்தான் உரிமம். ஆனால் உள்ளே அடுப்புகளை வைத்து உருக்கிக்கொண்டிருந்தார்கள். உருகிய தார் ஆறுவதற்கு முன் தொழிலாளி ஒருவர் டர்பன்டைனை ஊற்ற, நுரைத்துப் பொங்கித் தீப்பிடித்து, 7 பேர் கருகினார்கள். ஆலையை நடத்திய பங்குதாரர்மீது 304ஏ. குர்பான் ஹுசைன் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 1965இல் அவரை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. அடுப்பை அங்கே அனுமதித்தது தவறுதான். ஆனால் சாவுக்கு நேரடிக் காரணம் ஆறாத தாரில் டர்பன்டைன் ஊற்றியது என்றது தீர்ப்பு. பின்னணியில் ஒரு காரணமாக இருந்தால் போதாது, சாவு நேரடியாக அந்தச் செயலிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

இதை அப்படியே நம் ஐஸ் கம்பெனிக்குப் போட்டால், வால்வைக் கூடுதலாகத் திறந்தவர் ஆபரேட்டர், எனவே மேலாளர் தப்பினார் என்று முடிந்துவிடும். செத்தவனே தன் சாவுக்குக் காரணம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் தீப்பிடித்துப் பால்கனியில் புகை சூழ்ந்து 59 பேர் செத்தார்கள். தீ கிளம்பியது மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில். பழுது பார்த்தது மின்வாரியம், நாங்கள் எப்படிக் காரணம் என்று உரிமையாளர்கள் அதே 1965 வாதத்தைத்தான் வைத்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்ததால் அந்த மக்கள் வேகமாக வெளியேற முடியாமல் போனது. அவர்களின் சாவுக்கு நேரடிக் காரணம் அதுதான் என்றது.

என் பார்வையில், ஆலைச் சாவுகளில் விசாரணையைத் திருப்பிவிடக்கூடிய இடம் இதுதான். ஆபத்து எப்படித் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. அதிலிருந்து அந்த மனிதன் ஏன் தப்ப முடியவில்லை என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது ஐஸ் கம்பெனியின் சுவர்கள் பேசத் தொடங்கும்:

1. இயந்திர அறைக்கு எத்தனை வாசல்? இருந்த இரண்டாவது கதவு அன்று திறந்திருந்ததா, இல்லை, பழைய ஐஸ் டப்பாக்களை அடுக்கி மறைத்திருந்ததா?
2. வாயுவைத் தடுக்கும் முகக்கவசம் எங்கே தொங்கியது? அதன் வடிகட்டி டப்பா காலாவதியா? கசியும் அறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.
3. எண்ணெய் வடிக்கும் இடத்தில் தானே மூடும் வால்வு உண்டா? இல்லையென்றால், வேண்டும் என்று யார் கேட்டார், யார் மறுத்தார்?
4. இரவு ஷிப்டில் அந்த ஆள் தனியாகவா இருந்தார்?
5. வெளியிலிருந்தே கம்ப்ரசரை நிறுத்த ஸ்விட்ச் இருந்ததா?

இவை எதிலும் ஆபரேட்டரின் கை இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் சட்டப்படி செயல்தான்; சட்டம் வைக்கச் சொன்னதை வைக்காமல் விட்டவர் "நான் எதுவும் செய்யவில்லையே" என்று தப்ப முடியாது. ஆனால் எஃப்ஐஆரிலும், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கழுவி, வெள்ளையடித்து, புது முகக்கவசம் மாட்டிய பிறகு எடுக்கும் போட்டோ யாருக்கும் உதவாது.

சம்பளத்துக்கு இருப்பவரும் காசு வைத்திருப்பவரும்

தண்டனைச் சட்டத்தில் பதவிக்காக யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. 2015இல் சுனில் பார்தி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நிறுவனத்தின் தலைவர் என்பதாலேயே அவர்மேல் குற்றம் ஏறாது, அவர் செய்த பங்கு காட்டப்பட வேண்டும், அல்லது சட்டமே அப்படிப் பொறுப்பேற்றியிருக்க வேண்டும். 106இல் முதலாளி பெயர் வராததன் காரணம் பாதி இதுதான். ஆய்வாளர் போடும் வழக்கில் அவர் பெயர் வருவதன் காரணமும் இதுதான், ஏனென்றால் ஆலைச் சட்டம் ஆக்குபையர்மேல் நேரடியாகப் பொறுப்பை வைத்திருக்கிறது.

இந்தக் கரையில் 'மேலாளர்' என்று காகிதத்தில் இருப்பவர் பல நேரம் பத்தாவதோ ஐடிஐயோ படித்துவிட்டு, கணக்கும் பார்த்து, லோடும் ஏற்றி அனுப்பும் மனிதர். ஐயாயிரம் ரூபாய் வால்வு வாங்கக்கூட முதலாளியிடம் கேட்க வேண்டும். அவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காக அவர் பொறுப்பே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது: கசிகிறது என்று தெரிந்தும் "இன்னிக்கு ஒரு ராத்திரி ஓட்டிரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஆளை உள்ளே அனுப்பியது அவர் என்றால் அந்தச் செயல் அவருடையது.

அவரைக் காப்பாற்றக்கூடியது எழுத்து. "அண்ணாச்சி, ரிசீவர் வால்வு கசியுது, மாத்தணும்" என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அதே வரி வாட்ஸ்அப்பில் தேதியோடு இருந்தால், "தெரியாது" என்ற முதலாளியின் வாதம் உடையும். மேலாளர் தன்னால் ஆனதைச் செய்தார் என்பதற்கு ஆதாரமும் ஆகும். தொழிற்சாலைச் சட்டத்தின் 101ஆவது பிரிவு அதே வகையான வாதத்துக்கு வழி வைத்திருந்தது: தான் உரிய கவனம் எடுத்ததையும், உண்மையில் தவறு செய்தவர் இன்னார் என்பதையும் நிரூபித்தால் விடுபடலாம். நிரூபிக்கும் சுமை அவர்மேல்.

ஆள் குறைந்தால் சட்டமும் குறையும்

பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாமல் 40. பொதுவான 'நிறுவனம்' என்ற வரையறைக்கும் 10 பேர் வேண்டும். ஏழெட்டுப் பேரோடு ஓடும் ஐஸ் கம்பெனி, அபாயமான தொழில் என்று அரசு தனியாக அறிவிக்காதவரை, இந்தத் தொகுப்பின் பிடிக்கு வெளியே நிற்கும். அங்கே ஒருவர் செத்தால் மிஞ்சுவது 106 மட்டும்தான். மிகக் கடினமாக நிரூபிக்க வேண்டிய பாதை, மிகவும் பலவீனமானவர்களுக்கு. அமோனியாவுக்கு ஆள் எண்ணத் தெரியாது. அரசு ஆள்கணக்கைப் பார்க்காமல் அமோனியா உள்ள எல்லா இடங்களையும் அபாயப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

விசைப்படகு வேறு கதை. அது தொழிற்சாலை அல்ல. வின்ச்சில் கை சிக்கினாலும், கயிறு அறுந்து அடித்தாலும், காவல்துறைப் பாதைதான்.

கழிவுத்தொட்டி

மீன், நண்டுக் கம்பெனிகளின் கழிவுத்தொட்டியில் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். குறைவாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் விழ, தூக்கப் போன அண்ணனோ தம்பியோ அவர்மேலேயே விழுவது இதனால்தான். தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆவது பிரிவு இதற்கு வெகு தெளிவான விதி வைத்திருந்தது: தொட்டி பாதுகாப்பானது என்று தகுதியான ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியோடும், இடுப்பில் வாரோடும் இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கயிறு இல்லை, சான்று இல்லை என்றால் வாதாட அதிகம் ஒன்றுமில்லை. மலக்கழிவுத் தொட்டி, பாதாளச் சாக்கடை என்றால், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக வரும். சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியதும் அந்த வழியில்தான்.

முதல் சில நாளில் குடும்பம் கேட்க வேண்டியவை

1. எஃப்ஐஆர் நகல். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்பதில் வாரிசும் அடக்கம். சந்தேக மரணத்தோடு நிற்கிறதா, 106க்கு மாறியதா என்று பாருங்கள். விசாரணை எங்கே நிற்கிறது என்பதை 90 நாளுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும்.

2. தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் மனு. பழைய சட்டத்துக்குட்பட்ட சாவு என்றால் இங்கே கடிகாரம் வேகமாக ஓடும்: மீறல் ஆய்வாளருக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் நீதிமன்றம் போக வேண்டும். 106 பல வருடம் காத்திருக்கும். அந்தப் பாதை காத்திருக்காது.

3. வருகைப் பதிவு, சம்பளம் வந்த ஜிபே திரை, கடைசியாக வந்த அழைப்பு, குரல் செய்தி. இறந்தவரின் போனை யாரிடமும் கொடுக்க வேண்டாம். காவல்துறை கேட்டால் ரசீதோடு கொடுங்கள். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் உடலோடு போனும் பெட்டியும் ஊருக்குப் போய்விடும், ஆதாரமும் கூடவே போய்விடும். உடன் தங்கியிருந்தவர்கள் அதற்கு முன்பே வாக்குமூலம் கொடுத்துவிட வேண்டும்.

4. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தரும் பணம். வாங்குவதில் தப்பில்லை, அது உரிமையில் ஒரு பங்கு. ஆனால் 106 சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. "இனி எந்த வழக்கும் வேண்டாம், சாவுக்கு அவரே காரணம்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், முதல் பாதி சட்டப்படி வழக்கை முடிக்காது. இரண்டாம் பாதி பின்னாளில் சாட்சிக் கூண்டில் அந்தக் குடும்பத்துக்கு எதிராகவே படிக்கப்படும். பணத்துக்கு வெறும் ரசீது எழுதிக் கொடுத்தால் போதும்.